உன் மேசையிலிருந்து நான் எடுத்த புத்தகங்கள்

தம்பி,

எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். மலர் வேலையைப் பொறுப்பெடுத்திருக்கிற ரஞ்சி ரீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணை, நீங்கள் இப்ப லைப்ரரியிலை கொம்பியூட்டர் சரித்திரப் புத்தகமெல்லாம் எடுத்து வாசிக்கிறீங்களாம். எங்கடை பிள்ளையளுக்கு நல்லதா நாலைஞ்சு சொல்லி எழுதித் தாங்கோவன். ரெண்டு பக்கம் காணும்" என்றார். பாத்திரம் கழுவுகிறவனிடம் இதைக் கேட்க வருகிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் புளுகமும் சந்தோசமும் வந்தது, மறைக்க மாட்டேன். ஓம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் சமையலறை மேசையில் கொப்பியை விரித்து முதல் புத்தகத்தைப் பற்றி நான்கு வரி எழுதினேன். அந்தப் புத்தகம் என் கைக்கு எப்படி வந்தது என்று ஐந்தாவது வரியில் எழுத வேண்டும். அங்கே நின்றவன் ஒன்பது நாளாக நிற்கிறேன். அந்த வரியை எழுதினால் மிச்சமெல்லாம் எழுத வேண்டும், ராசா. ஆகவே கட்டுரையை விட்டுவிட்டு அப்பா உனக்கு எழுதுகிறேன். நீ வாசித்துவிட்டுச் சரி என்றால் இதையே மலருக்குக் கொடுப்பேன். ஏனென்றால் நான் சொன்ன பொய் உன்னோடு நிற்கவில்லை. இந்தக் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் ஆட்களின் வீடு வீடாகப் போய்த் தேநீர் குடித்திருக்கிறது.

வருகிற வியாழக்கிழமை உனக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், வரச்சொல்லிக் குறித்த நாள். உன் விசா இந்த வருடக் கடைசியோடு முடிகிறது. போன மாதம் கிடைத்த டெர்மினுக்கு நீ போகவில்லை என்று உன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. இந்த முறையும் போகாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்கு விளக்கத் தேவையில்லை. அந்தக் கடதாசிகளோடுதான் நீ வளர்ந்தாய். படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது, உன்மேல் பொலிஸ் விசாரணை ஏதும் நடக்கிறதா என்று. "அதிலைதான் நிக்கிறன் அம்மா. ஓம் எண்டு எழுதினால் அப்பா அண்டைக்குப் பொய் எழுதினது வெளியிலை வரும், எல்லாற்றை விசாவும் போகும். இல்லை எண்டு எழுதினால் நானும் பொய்யன்" என்று போனில் சொன்னாயாம். அம்மா அதை அப்படியே எனக்குச் சொல்லிவிட்டு, "பிள்ளை கேக்கிறது ஞாயம்தானே, என்ன செய்யப் போறீங்கள்?" என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து குப்பை போடப் போய்விட்டேன்.

இப்போது சொல்கிறேன். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு கோடையில் எங்கள் வீட்டுக்குப் பொலிஸ் வரவில்லை. ஒருவரும் வரவில்லை. உன் மேசையிலிருந்த புத்தகங்களையும் கொம்பியூட்டருக்குள் இருந்த ஹார்ட் டிஸ்கையும் எடுத்தவன் நான். உன்மேல் அன்றும் விசாரணை இல்லை, இன்றும் இல்லை. அன்று அலுவலகத்தில் நான் படிவத்தில் எழுதியது உண்மை. பொய்யை உனக்குத்தான் சொன்னேன். இதைப் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். மூன்று தடவை உன் இலக்கத்தை அழுத்திவிட்டு வைத்தேன். எழுத்தில் என்றால் நடுவில் ஓட முடியாது.

ஏன் செய்தேன் என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. அந்த வருடம்தான் எங்களைப்போல நீண்டகாலம் டுல்டுங்கோடு, அதாவது இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை என்ற கடதாசியோடு, இருந்தவர்களுக்கு விசா கிடைக்க ஒரு வழி திறந்தது. வேலை இருக்க வேண்டும், பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும், குற்றம் குறை ஒன்றும் இருக்கக் கூடாது. பதின்மூன்று வருடமாகச் சில மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் கடதாசியை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றவன் நான். வேறு மாநிலத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போவதென்றாலும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. விசா வரப்போகிறது என்றதும் சந்தோசத்துக்கு முதல் எனக்குப் பயம்தான் வந்தது. யாராவது எதையாவது செய்து கெடுத்துவிடக் கூடாதே. அதே மாதங்களில்தான் பேப்பரில் புதிய சட்டம் பற்றி வந்தது. அடுத்தவர் கொம்பியூட்டருக்குள் புகுவதற்கான கருவிகளைச் செய்வதும் பிறருக்குக் கொடுப்பதும் குற்றமாம். வேலையிடத்தில் மத்தியான இடைவேளையில் அதை எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஹேக்கர் என்ற சொல் தலைப்பில் பெரிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து உன் மேசையைப் பார்த்தால் அதே சொல் மூன்று புத்தக அட்டைகளிலும்.

நீ பிறப்பதற்கு முதல் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் வேலை பழகினேன் என்று உனக்குத் தெரியும். எட்டு மாதம் உள்ளே இருந்தேன் என்பதும் தெரியும். ஏன் என்று நான் சொன்னதில்லை. என் சேர்ட் பொக்கற்றில் ஒரு கடதாசி மடித்து வைத்திருந்தேன். ஒரு பழைய ரேடியோவில் எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று நானே பார்த்துக் கீறிய படம். செக்கிங்கில் நின்ற ஆமிக்காரனுக்கு அது ரேடியோவாகத் தெரியவில்லை, குண்டாகத்தான் தெரிந்தது. இதை எங்கே வைக்க இருந்தாய் என்றுதான் எட்டு மாதமும் கேட்டார்கள். ரேடியோ, ரேடியோ என்று சொல்லி என் வாய் ஓய்ந்தது. இடது காது கேட்காமல் போனதும் அங்கேதான். சின்ன வயதில் காய்ச்சல் வந்து போனது என்று உனக்குச் சொன்னது இன்னொரு பொய். வெளியே வந்த பிறகு எங்கள் வீதியில் செக்கிங் என்று கதை அடிபட்டால் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான் நடக்கும். புத்தகம், கடிதம், படம், எதுவென்றாலும் பொலித்தீன் பையில் போட்டுக் கல்லுக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவோம். எது ஆபத்து, எது ஆபத்தில்லை என்று நின்று பார்க்க நேரமிருக்காது. ஜெர்மனிக்கு வந்தும் அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை நீ உன் சிநேகிதன் யென்ஸ் வீட்டுக்குப் போயிருந்தாய். அம்மா ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு, அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டவென்று முதல் நாளே போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். மேசையில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் நீ அச்சடித்து வைத்திருந்த தாள் கட்டு ஒன்று கிடந்தது. அதில் பெட்டி பெட்டியாகக் கீறி, அம்புக்குறி போட்டு, எது எங்கே போகிறது என்று குறித்திருந்தாய். நான் கீறியதுபோலவே கீறியிருந்தாய், ராசா. பிறகு யோசிக்கவில்லை. கொம்பியூட்டரைத் திறந்தேன். ரேடியோ திருத்திய கைக்கு நாலு திருகாணி ஒரு வேலையா. உள்ளே வயர்களை எவ்வளவு துப்புரவாகக் கட்டியிருந்தாய் என்று பார்த்துக் கை ஒருகணம் நின்றது. நின்றுவிட்டு மறுபடி வேலையைச் செய்தது. மூன்று புத்தகம், தாள் கட்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலும் பஸ்ஸும் பிடித்து ஊன்ட்றொப்புக்குப் போனேன். ஆயிரக்கணக்கில் சனம். எல்லாரும் தேர் வடத்தைப் பார்த்து நின்ற நேரம் நான் கால்வாய்க் கரையோரம் நடந்தேன். எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர் பையைப் பார்த்து, "என்ன அண்ணை, அருச்சனைச் சாமானோ?" என்றார். "ஓம், ஓம்" என்றேன். ஆளில்லாத இடத்தில் கல்லை வைத்துக் கட்டித் தண்ணீருக்குள் விட்டேன். அடுத்த நாள் அதே கால்வாயில்தான் அம்மனுக்குத் தீர்த்தம். உன் அம்மா அந்தத் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள்.

நீ ஞாயிறு பின்னேரம் வந்தாய். அந்தப் பேச்சு உனக்கும் மறந்திருக்காது.

"அப்பா, என்ரை மேசை ஏன் இப்பிடிக் கிடக்கு?"

"நேற்றுப் பொலிஸ் வந்தது. ரெண்டு பேர். எடுத்துக்கொண்டு போட்டாங்கள்."

"கடதாசி ஏதும் தந்தவையோ? எடுத்தால் எழுதித் தரவேணும், அப்பா."

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. இந்த நாட்டில் பொலிஸ் ஒன்றை எடுத்தால் கடதாசி தரும் என்பது உனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஆமி கடதாசி தந்ததில்லை. பொய் அந்த இடத்திலேயே உடைந்திருக்க வேண்டும்.

"ஒண்டும் தரேல்லை. கதைச்சுக்கொண்டு நிக்காதை."

"அப்ப நான் நாளைக்குப் போய்க் கேக்கிறன்."

"போ. போய்க் கேள். எங்கடை விசா போகட்டும். அம்மாவையும் என்னையும் பிளேனிலை ஏத்தட்டும். போ."

நீ கட்டிலில் இருந்துவிட்டாய். நான்தான் எறிந்தேன் என்று சொன்னால் சண்டை பிடித்துவிட்டு மறுபடி செய்வாய், பொலிஸ் என்று சொன்னால் இனித் தொட மாட்டாய் என்று கணக்குப் போட்டேன். கணக்குச் சரியாக வந்தது. நீ தொடவே இல்லை. அடுத்த நாள் ஒரு நிறுவனத்தில் அவுஸ்பில்டுங்குக்கு, தொழிற்பயிற்சி இடத்துக்கு, உனக்கு நேர்முகம் இருந்ததும், காட்டவேண்டிய வேலை அந்த டிஸ்கில் இருந்ததும் எனக்குத் தெரியாது. காய்ச்சல் என்று அவர்களுக்குப் போன் எடுத்தாயாம். பிறகு அவர்கள் கூப்பிடவில்லை.

இரண்டு கிழமை கழித்து விசா அன்ட்ராக், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்ப நாங்கள் போனோம். வழக்கம்போல நீ வாசித்துச் சொன்னாய், நான் எழுதினேன். அந்தக் கேள்வி வந்ததும் உன் குரல் இறங்கியது. "இதுக்கு என்ன எழுதப் போறீங்கள்?" என்றாய். நான் இல்லை என்று, 'நைன்' என்று எழுதினேன். "பொய்யெல்லோ அப்பா" என்று என் கேட்கிற காதுக்குக் கிட்ட வந்து சொன்னாய். "பேசாமல் இரு" என்றேன். நிறுத்தாமல் ஒரே இழுப்பில் எழுதினேன், ஏனென்றால் எழுதியது உண்மை. நீ அதைப் பார்த்து அப்பா எவ்வளவு துணிந்து பொய் எழுதுகிறார் என்று நினைத்திருக்கிறாய். எங்கள் மூன்று பேரின் விசாவும் அந்தப் பொய்யில் தொங்குகிறது என்று நம்பிக்கொண்டு இவ்வளவு காலமும் இருந்திருக்கிறாய். அதனால்தான் சிநேகிதர்களின் போனை எடுக்காமல் விட்டாய். பார்சல் கிடங்கு வேலைக்குப் பீலபெல்ட் நகருக்குப் போனாய். பொலிஸ் கார் ஒன்று போனால் கதையை நிறுத்துவாய்; நான் கவனித்திருக்கிறேன். பொலிஸ் வந்த பிறகு நல்ல பிள்ளை, அடங்கிவிட்டான் என்று ஆட்கள் சொல்லும்போது தலையாட்டியிருக்கிறேன். பயம் என்னை வைத்திருந்த இடத்திலேயே உன்னையும் கொண்டுபோய் இருத்திவிட்டு வெளியால் பூட்டினேன். அப்பா இப்படி ஒரு வேலை பார்த்தேன்.

இனிப் புத்தகங்கள். தண்ணீருக்குள் போன மூன்றும் நூலகத்துடையவை என்று அடுத்த மாதம் நினைவூட்டல் கடிதம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கடிதத்தை உனக்குக் காட்டாமல் நானே போனேன். தொலைந்துவிட்டன என்றேன். அங்கே இருந்த பெண், அதே புத்தகங்களைக் கடையில் வாங்கித் தந்தால் போதும் என்றார். புத்தகக் கடையில் சொல்லி எடுப்பித்துக்கொண்டு டிராமில் வரும்போது முதலாவதைத் திறந்தேன். என் பிள்ளையைக் கெடுக்க வந்தது என்னவென்று பார்த்துத் திட்டுவதற்காகத்தான் திறந்தேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்புப் போய்விட்டேன். டொச், இந்த நாட்டு மொழி, எனக்கு எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும். அகராதியோடு ஒரு நாளைக்கு மூன்று பக்கம், வேலை இடைவேளையில். மூன்றையும் முடித்துவிட்டே நூலகத்தில் கொடுத்தேன். அந்தப் பெண் நான் பெரிய கொம்பியூட்டர் பிரியன் என்று நினைத்துவிட்டார். அதே தட்டில் பக்கத்தில் இருந்தவற்றையும் எடுத்து நீட்டினார். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டரை வருடத்தில் பதினொன்று வாசித்திருக்கிறேன். ஒன்றைப் பாதியில் விட்டேன், முழுவதும் கணக்கு.

நீ திரும்பத் தொடங்குவதென்றால், தம்பி, அட்டையில் ஹேக்கர் என்ற அந்தச் சொல் இல்லாத ஒன்றிலிருந்து தொடங்கு. இந்த நாட்டு இளம் பொறியியலாளர் ஒருவர் பெர்லினில், பெரிய யுத்தத்துக்குச் சற்று முதல், கணக்குப் போடும் இயந்திரம் ஒன்றைக் கட்டியதைப் பற்றியது. எங்கே கட்டினார் தெரியுமா, தாய் தகப்பனின் வரவேற்பறையில். நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறான் மகன். சிநேகிதர்கள் வந்து தகரத்தை அரிகிறார்கள். கூடத்தில் தளபாடம் வைக்க இடமில்லை. அவர் என்ன செய்கிறார் என்று பெற்றோருக்கு முழுதாக விளங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அறையைக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் நான் நாலு நாள் நின்றேன். அந்தத் தகப்பன் ஒரு கூடத்தையே விட்டுக் கொடுத்தான். நான் ஒரு மேசையைக்கூட விட்டுவைக்கவில்லை. பிறகு குண்டு விழுந்து இயந்திரம் அழிந்துபோகிறது. குண்டு விழுந்தால் என்னவாகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அவர் மறுபடி கட்டினார். உன்னுடையதில் குண்டு விழவில்லை, உன் அப்பன்தான் விழுந்தான்.

அதற்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய பெரிய பழைய இயந்திரங்களைப் பற்றியதை எடு. ஒரு மண்டபம் முழுக்க வயர். அந்த வயர்களை ஒவ்வொரு கணக்குக்கும் மாற்றி மாற்றிச் செருகினவர்கள் பெண்கள் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. படத்தில் அவர்கள் நிற்கிறார்கள், பெயர் போடாமல் விட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். "சமைச்சவையின்ரை பேரை ஆர் போட்டது?" என்றாள். ஹேக்கர் என்ற சொல் முதலில் எங்கிருந்து வந்தது என்று சொல்கிற புத்தகம் உன் மேசையில் இருந்த மூன்றில் ஒன்று. கல்லூரி மாணவர்கள் பொம்மை ரயில் பாதைக்குப் பழைய டெலிபோன் சுவிச்சுகளைக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். ஒரு பொருளின் மூடியைக் கழற்றி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாதவனுக்குத்தான் அந்தச் சொல்லாம். கழற்றிப் பார்த்ததற்காக எட்டு மாதம் உள்ளே இருந்தவன் நான். எனக்கு அந்தச் சொல் விளங்குவதற்கு நீ தேவைப்பட்டாய், உன்னிடம் நான் கேட்கவே இல்லை.

இன்னொன்றை உனக்கு மறைக்கப் போவதில்லை. ஜெர்மனி இரண்டாக இருந்த காலத்தில் இங்கே சில இளைஞர்கள் பிற நாட்டுக் கொம்பியூட்டர்களுக்குள் புகுந்து, எடுத்ததைக் கிழக்குப் பக்கத்துக்கு விற்ற கதை. அதில் ஒரு பொடியன் இளவயதிலேயே செத்துப்போகிறான். அதை வாசித்தபோது நான் செய்தது சரிதான் என்று இரண்டு நாள் நிமிர்ந்து நடந்தேன். மூன்றாம் நாள் மறுபடி வாசித்தேன். அந்தப் பொடியனைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள், ஆனால் உட்கார்ந்து அவனோடு கதைத்தவர்கள் குறைவு. அவன் தனியப் பயந்துகொண்டு இருந்திருக்கிறான். பீலபெல்டில் ஒரு அறையில் நீ இருப்பது ஞாபகத்துக்கு வந்தது. புத்தகத்தை மூடிவிட்டு உனக்குப் போன் எடுத்தேன். "சாப்பிட்டியே?" என்று கேட்டேன். "ஓம்" என்றாய். அவ்வளவுதான் கேட்கத் தெரிந்தது.

கடைசியாக வாசித்தது இந்த இலையுதிர்காலத்தில். ஒருவரையொருவர் கண்ணால் காணாத ஆட்கள் உலகம் முழுக்க இருந்துகொண்டு ஒரே புரோகிராமைச் சேர்ந்து எழுதி, எழுதியதைப் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் கொடுத்தது பற்றி. அதில் ஒரு விசயம் எனக்குப் பிடிபட ஒரு கிழமை ஆனது. இவர்கள் ஒன்றை எழுதினால் அது ஒரு இடத்தில் இருப்பதில்லை. எழுதின உடனே மற்றவர்களிடமும் இருக்கும். எனக்கு ஒரு பொருள் என்றால் அது ஒரு இடத்தில் இருக்கும். கிணற்றுக்குள் போட்டால் கிணற்றுக்குள். அப்படியென்றால் நான் கால்வாயில் போட்டது என்ன? கேட்க வேண்டுமென்று நினைத்தேன், நாளைக் கடத்தினேன். அம்மா அந்தப் போன் கதையைச் சொன்ன பிறகு இனியும் கடத்த ஏலாது என்று போன சனிக்கிழமை போகும் என்ற பக்கத்து நகரத்துக்குப் போனேன். நீயும் யென்ஸும் முந்திப் போய்வந்த கொம்பியூட்டர் கழகத்துக்கு.

யென்ஸ் தாடி வளர்த்திருக்கிறான். என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. உன் அப்பா என்றதும் கதிரையைத் துடைத்துத் தந்தான். "அவன் எங்களோடு கோபம் என்று நினைத்தோம். எத்தனை தடவை கூப்பிட்டோம்" என்றான். நான் என் ஓட்டை டொச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பொலிஸ், கால்வாய், கல்லு, படிவம் எல்லாம். வேற்று மனிதன் ஒருவனுக்கு அதைச் சொல்லும்போது எனக்கு நாக்குக் கூசியது. பிறகு திரையை என் பக்கம் திருப்பினான். முதல் வரியில் உன் பெயர். உன் பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டர் வலையில் எந்தக் கதவு பூட்டாமல் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்லும் புரோகிராமாம், நான் கால்வாயில் போட்ட டிஸ்கில் இருந்ததும் அதுதானாம். ஆசிரியர் கேட்டுத்தான் நீ எழுதினாயாம். பள்ளிக்கூடம் இன்றும் அதைப் பாவிக்கிறதாம். அடுத்த அடுத்த வரிகளில் வேறு ஆட்களின் பெயர்கள், பிறகு திருத்தினவர்கள். உன் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. அந்தச் சட்டம் வந்தபோது தாங்களும் பயந்ததாகச் சொன்னான். எல்லாரும் கூடிக் கதைத்தார்களாம், ஒரு வழக்கறிஞரையும் கேட்டார்களாம். அவர்களைத் தேடியும் ஒருவரும் வரவில்லை. கூடிக் கதைத்தோம் என்கிறான், தம்பி. எங்கள் வீட்டில் இரண்டு பேர்கூடக் கதைக்கவில்லை.

வெளியே வரும்போது கேட்டான், "இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்று. இல்லை என்றேன். "பிறகு ஏன் எனக்குச் சொல்கிறீர்கள்?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். டிராமில் இருந்தே இந்தக் கடிதத்தை மனதில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

நேற்று அம்மாவுக்குச் சொன்னேன். அடுப்பை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். "ரெண்டரை வருசமா எனக்கு முன்னாலை இருந்து சாப்பிட்டுக்கொண்டு இதை வைச்சிருந்தனீங்கள்" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. நான் கேட்டு வாங்கினது, அனுபவிக்கிறேன். நீயும் அப்படி இருக்கலாம். சத்தம் போடலாம், வராமல் விடலாம், என் பெயரை எடுக்காமல் விடலாம். மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் அதை நீ தருவாய் என்று நினைத்து இதை எழுதவில்லை.

இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். டொச்சில் நானே எழுதினது, பிழைகள் இருக்கும். பொலிஸ் வந்ததாக மகனுக்குச் சொன்னது நான், அது பொய், பொருட்களை எடுத்தவனும் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உனக்கு அது தேவைப்படாது. இருந்தாலும் பொக்கற்றில் வைத்துக்கொள். என் வாயை நீ இனி நம்பத் தேவையில்லை, கடதாசி இருக்கட்டும்.

நாளைக் காலையில் தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமை உன் கையில் இருக்கும். படிவத்தில் அந்தக் கேள்விக்கு 'நைன்' என்று எழுது. நீ பொய்யன் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. கோபம் எத்தனை வருடமென்றாலும் இருக்கட்டும். என்னிடம் வராவிட்டாலும் பரவாயில்லை, தம்பி. வியாழக்கிழமை அங்கே போ.

உன் அப்பா